கொல்லிமலை இறக்கத்துக்கு எந்த பிரேக் பேட்? ரெசினா, மெட்டலா? (ஷிமானோ எம்டி200)

சேலம்_ஹார்ட்டெயில்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஹார்ட்டெயில் எம்டிபி (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்), இரண்டு பக்கமும் ஷிமானோ எம்டி200 ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 160 மிமீ ரோட்டர் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு). வாங்கியதிலிருந்து ரோட்டரைக் கவ்வும் பேட் மாற்றியதே இல்லை. இப்போது பின் பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று காதைக் கிழிக்கிறது, லீவரும் கிட்டத்தட்ட ஹேண்டில்பார் வரை வந்துவிடுகிறது. கழற்றிப் பார்த்தால் இரும்புத் தகட்டின் மேல் ஒரு படலம்தான் மிச்சம். முன்னால் பரவாயில்லை, கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த மாதம் நண்பர்களோடு கொல்லிமலை ஏறி அதே காரவல்லி வழியாக இறங்குவதாகத் திட்டம், அந்த 70 கொண்டை ஊசி வளைவும் சேர்த்துத்தான். என் எடை 84 கிலோ, சைக்கிள், தண்ணீர், பை எல்லாம் சேர்த்தால் 100 தொடும். கடையில் கேட்டால் "மெட்டல் போடுங்க, சும்மா கல்லு மாதிரி நிக்கும்" என்கிறார்கள். நெட்டில் தேடினால் ஒரே வடிவத்தில் ரெசின், செமி மெட்டல், சின்டர்ட், செராமிக் என்று வரிசையாக வருகிறது, விலைகளுக்குள் சம்பந்தமே இல்லை. எதை வாங்குவது?

கோவை_கியர்:
மெட்டல். யோசிக்கவே வேண்டாம். 100 கிலோ எடையோடு மலை இறங்கும்போது ரெசின் உருகிப் போகும். நான் மருதமலை பக்கம் ஓட்டுவதற்கே மெட்டல்தான்.

எல்_கீ:
தம்பி, பேட் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. ரோட்டரைத் துடைத்துவிட்டு, போல்ட் இருக்கிற நடுப்பகுதியைச் சுற்றி என்ன பொறித்திருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள். மாடல் எண் எஸ்எம்-ஆர்டி என்று தொடங்கும். அதைப் பார்க்காமல் யார் மெட்டல் என்று சொன்னாலும் ரெசின் என்று சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

இன்னொன்று, லீவர் உள்ளே போவதற்குப் பேட் தேய்ந்தது மட்டும் காரணமாக இருக்காது. ஹைட்ராலிக்கில் பேட் தேயத் தேய அதைத் தள்ளுகிற பிஸ்டன் தானாகவே முன்னால் வந்து நின்றுகொள்ளும். கேபிள் பிரேக்கில்தான் நாம் திருகித் திருகி இறுக்க வேண்டும். ஆகவே உள்ளே காற்று இருக்கும், இல்லை ஆயில் குறைந்திருக்கும். புதுப் பேட் போட்டும் லீவர் அப்படியே இருந்தால் ப்ளீட் செய்துவிடுங்கள், அதாவது காற்றை வெளியேற்றி ஆயில் நிரப்புங்கள்.

சேலம்_ஹார்ட்டெயில்:
நன்றி அண்ணா. பார்த்தேன், இரண்டிலும் எஸ்எம்-ஆர்டி56. பக்கத்தில் "ரெசின் பேட் ஒன்லி" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. இத்தனை நாள் இது என் கண்ணிலேயே படவில்லை பாருங்கள்.

கோவை_கியர்:
அதெல்லாம் கம்பெனி தன் பாதுகாப்புக்காக அடித்து வைப்பது. என் பழைய சைக்கிளிலும் அதே எழுத்து இருந்தது, சின்டர்ட், அதாவது மெட்டல் பேட் போட்டுத்தான் ஓட்டினேன், ஒன்றும் வெடித்துவிடவில்லை.

எல்_கீ:
வெடிக்காது, உண்மைதான். வெடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ரோட்டர் தேயும், அவ்வளவுதான், ஆனால் அந்த "அவ்வளவுதான்" கொஞ்சம் பெரிய விஷயம்.

சின்டர்ட் பேட் என்பது செம்பு, வெண்கலம் போன்ற உலோகத் தூளை அழுத்தி, சூடாக்கி, ஒட்டவைத்துச் செய்வது. ரெசின் என்பது நார், ரப்பர், அராமிட் இழை இதையெல்லாம் பிசின் கலந்து இறுக்கியது. ஆர்டி10, ஆர்டி26, ஆர்டி30, ஆர்டி54, ஆர்டி56 இவை எல்லாம் விலை குறைந்த ரோட்டர்கள், எஃகும் அதற்கேற்ப மென்மையானது. அதன் மேல் சின்டர்ட் பேடை அழுத்தினால் பேட் நன்றாக உழைக்கும், ரோட்டர்தான் கரையும். ஷிமானோ ரோட்டர் புதிதில் 1.8 மிமீ தடிமன், 1.5-க்கு வந்தால் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். ஆக உங்கள் கையில் இருப்பதே 0.3 மிமீ. தேய்ந்த ரோட்டர் சீக்கிரம் சூடேறும், சூடேறினால் சுலபமாக வளையும். இப்படிப் பக்கவாட்டில் ஆடுகிற ரோட்டரோடு பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு, "போன மாசம்தான் நல்ல மெட்டல் பேட் போட்டேன்ணா" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

மெட்டல்தான் வேண்டும் என்றால் ரோட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். அதே ஆறு போல்ட் அமைப்பில் ஆர்டி66 இருக்கிறது, அதில் மெட்டலும் போடலாம், ரெசினும் போடலாம். ஆனால் எம்டி200 கேலிப்பருக்கு (பேடையும் பிஸ்டனையும் தாங்கி ரோட்டர் மேல் உட்காரும் பகுதி) ஷிமானோ கொடுப்பதே ரெசின்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோவை_கியர்:
அப்படியானால் செமி மெட்டல் போடலாமே, ரோட்டரும் பிழைக்கும், சூட்டுக்கும் தாங்கும்.

எல்_கீ:
போடலாம், அது பிசின் கலவைக்குள் உலோகத் துகளைத் தூவியதுதான். சாதாரண ரெசினைவிடக் கூட நாள் வரும், ரோட்டரை அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தின்னும். எவ்வளவு உலோகம் கலந்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறுபடும், பாக்கெட்டில் எழுதவும் மாட்டார்கள். செராமிக் என்று போட்டு வருவதும் இப்படித்தான், அந்தப் பெயருக்கு ஒரு வரையறையும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

மழைச்சில்லு:
வணக்கம். நான் இருப்பது வட வான்கூவர், இங்கே ஒக்டோபர் பிறந்தால் மழைதான், பாதை முழுக்கச் சேறும் மணலும் வேரும். அந்த ஈரத்தில் ரெசின் பேட் நிற்காது. மணல் கலந்த சேறு பேடுக்கும் ரோட்டருக்கும் நடுவில் புகுந்து அரைத்துவிடும். ஒரு நாள் ஓட்டத்திலேயே புதுப் பேட் தகடு வரை தேய்ந்து போனவர்களைக் கண்டிருக்கிறேன். நான் பாவிப்பது நாலு பிஸ்டன் கேலிப்பர், அதற்கு என்04சி, அதாவது மெட்டல். ஆனால் அதற்காகப் படுகிற கஷ்டத்தையும் சொல்லவேண்டும், நனைந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு ஊளையிடும். குளிரில் முதல் பிடிக்குச் சரியாகக் கடிக்காது, சூடு ஏறின பிறகுதான் அதன் குணம் தெரியும்.

ஆகவே தம்பி, காய்ந்த தார் ரோட்டில் இறங்குவதற்காக மெட்டல் வாங்கச் சொல்லி நான் சொல்லமாட்டேன். சேறும் மழையும்தான் உங்கள் ஓட்டம் என்றால் கதை வேறு.

சேலம்_ஹார்ட்டெயில்:
இல்லை அண்ணா, முக்கால்வாசி தார் ரோடு, ஏற்காடு அடிவாரத்தில் கொஞ்சம் மண் பாதை, அவ்வளவுதான். மழையில் பெரும்பாலும் எடுப்பதில்லை. என் பயம் எல்லாம் சூட்டைப் பற்றித்தான். 70 வளைவிலும் பிடித்துப் பிடித்து இறங்கும்போது பாதியில் பிரேக் கைவிட்டால்?

நீலகிரி_இறக்கம்:
சூட்டுக் கணக்கை நான் சொல்கிறேன், குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதே என் பிழைப்பு மாதிரி ஆகிவிட்டது.

மொத்த எடை 100 கிலோ, உயர வித்தியாசம் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எடையை 9.8-ஆலும் உயரத்தாலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 980 கிலோ ஜூல். முப்பது டிகிரியில் இருக்கிற மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கிற அளவு சக்தி அது. இறங்கி முடிப்பதற்குள் இத்தனையும் எங்காவது போயாக வேண்டும். காற்று கொஞ்சம் தின்னும், மீதி முழுக்க இரண்டு ரோட்டர், நான்கு பேட். மெதுவாகப் போகிறவருக்குக் காற்று தின்பது குறைவு, அதனால் பயந்து பயந்து 15 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்குகிறவருக்குத்தான் பிரேக்குக்குப் போகிற மொத்தச் சூடு அதிகம். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும்.

ஆகவே நேர் ரோட்டில் விடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். விட்டிருக்கிற அந்தச் சில நொடியில்தான் ரோட்டர் ஆறும். பின் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது நம் ஊர்ப் பழக்கம், முன் பிரேக் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்று சின்ன வயதில் சொல்லி வளர்த்ததன் பலன். உங்களுக்குப் பின் பேட் மட்டும் தகடு வரை தேய்ந்து முன்னால் மிச்சம் இருக்கிறது என்றீர்களே, அதுவே கதை சொல்கிறது.

பாதியில் கைவிடுவது இரண்டு விதம், வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். லீவர் கெட்டியாகவே இருக்கிறது, ஆனால் அழுத்தினாலும் வண்டி நிற்க மாட்டேன் என்கிறது என்றால் பேட் சூடாகிவிட்டது, நிறுத்தி ஆறவிட்டால் திரும்பும். லீவர் பஞ்சு மாதிரி ஆகி ஹேண்டில்பாரைத் தொடுகிறது என்றால் உள்ளே ஆயில் சூட்டில் ஆவியாகிறது, இல்லை ஏற்கெனவே இருந்த காற்று விரிகிறது. இரண்டாவது ஆபத்தானது. நீங்கள் சொன்ன லீவர் கதையோடு கொல்லிமலை போகவே கூடாது, பேட் எதுவாக இருந்தாலும் சரி.

கோவை_கியர்:
சரி ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சூட்டுக்கு மெட்டல் தாங்கும் என்பது உண்மையா இல்லையா?

நீலகிரி_இறக்கம்:
உண்மை. பேட் அளவில் தாங்கும், ரெசின் கைவிடுகிற சூட்டிலும் சின்டர்ட் பிடிக்கும். ஆனால் உலோகம் சூட்டைக் கடத்தும், அதனால் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் அதிகச் சூட்டை அனுப்புவதும் அதுதான். பெரிய ரோட்டர், நாலு பிஸ்டன், சூட்டை ஆற்றச் சிறகு வைத்த பேட் இதெல்லாம் இருக்கிற பிரேக்கில் அது பிரச்சினை இல்லை. எம்டி200 மாதிரி சின்னக் கேலிப்பரில் பேடை மட்டும் மாற்றிவிட்டு "இனி சூடாகாது" என்று நினைப்பதில் அர்த்தமில்லை. சூட்டுக்காகக் காசு செலவழிக்க வேண்டும் என்றால் முன்னால் 180 மிமீ ரோட்டர் போடட்டும். அதே அழுத்தத்துக்கு 12.5 சதவீதம் கூடுதல் நிறுத்தும் விசை, ஆறுவதற்குக் கூடுதல் பரப்பு. அதற்குக் கேலிப்பரை மாட்டும் அடாப்டர் மாற்ற வேண்டும், ஃபோர்க்கில் எந்த அளவு வரை அனுமதி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சேலம்_ஹார்ட்டெயில்:
புரிகிறது. அப்போ ரெசின் என்றே வைத்துக்கொள்கிறேன். எண்ணில்தான் இன்னும் குழப்பம். ஒரு தளத்தில் பி01எஸ், இன்னொன்றில் பி03எஸ், பி05எஸ். எல்லாம் ஒன்றா?

எல்_கீ:
உங்களுக்கு மூன்றும் பொருந்தும். முதல் எழுத்துதான் வடிவம். பி என்றால் பி வடிவம், எம்டி200-க்கு அதுதான். பின்னால் வருகிற எண் கலவையும் தலைமுறையும், பி05எஸ் புதியது, கிடைத்தால் அதை வாங்குங்கள். கடைசி எழுத்து பின்தகடு எதனால் செய்தது என்பது, எஸ் என்றால் இரும்பு. ஜி, ஜே, கே, எல், என், டி என்று வேறு எழுத்துகள் பார்த்தால் அவை வேறு கேலிப்பர்களுக்கு. என் வடிவமும் டி வடிவமும் நாலு பிஸ்டனுக்கு, உங்களுடையதில் நுழையாது.

டெக்ட்ரோ கம்பெனி பிரேக் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், அவர்களுடைய இரண்டு பிஸ்டன் மாடல்கள் சிலவற்றில் இதே வடிவம்தான் வருகிறது, ஆனால் பெயரை நம்பி வாங்காமல் பழைய பேடைக் கையில் வைத்துக்கொண்டு காது, துளை, அகலம் எல்லாம் ஒப்பிட்டு வாங்குங்கள். எஸ்ராம் கம்பெனி பிரேக் வைத்திருப்பவர்கள் மாடல் பெயரைச் சரியாகப் பார்க்க வேண்டும், கோட், கைட் என்ற இரண்டு மாடலும் நாலு பிஸ்டன்தான், பேட் வேறு வேறு.

வேறு கம்பெனிப் பேட் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் பெயரே இல்லாத பாக்கெட்டில் வருவதை முன் பிரேக்குக்குப் போடாதீர்கள். சிலதில் பிசின் தகட்டில் சரியாக ஒட்டியிருக்காது, சூட்டில் உரிந்து வரும். பாக்கெட்டில் புது ஸ்ப்ரிங்கும் காட்டர் பின்னும் (பேடைப் பிடித்திருக்கும் ஊசி) இருக்கிறதா என்று பாருங்கள், பழைய ஸ்ப்ரிங் வளைந்திருந்தால் ரோட்டரில் உரசும்.

திண்டுக்கல்_டூப்லெஸ்:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். அவர் முதலில் சொன்ன அந்தக் கீச்சுச் சத்தத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பேட் தேய்ந்ததால் வந்ததா, எண்ணெய் பட்டதா? பேட் மேல் பளபளப்பாகக் கறுத்த திட்டு ஏதாவது இருந்ததா ப்ரோ?

சேலம்_ஹார்ட்டெயில்:
இருந்தது ப்ரோ. முன் பேடிலும் லேசாக இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், போன மாதம் தம்பி தன் பைக்கை வாட்டர் வாஷ் விடப் போகும்போது என் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய்க் கழுவிக் கொண்டுவந்தான். பளபள என்று வந்தது.

திண்டுக்கல்_டூப்லெஸ்:
பிடித்தோம்! கடைசியில் அடிப்பார்களே, டீசலோ பாலிஷோ ஒரு ஸ்ப்ரே, அதுதான். டிரம் பிரேக் பைக்குக்கு ஒன்றும் ஆகாது, டிஸ்க் சைக்கிளுக்கு அது விஷம். செயினுக்கு ஸ்ப்ரே லூப் அடிக்கிறவர்களும் இதே கதைதான், பின் ரோட்டர் பக்கத்திலேயே இருக்கிறது.

எல்_கீ:
ஆமாம். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட சுத்தமான துணியால் நன்றாகத் துடையுங்கள், துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். முன் பேடில் பாதி மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளாமல் அதையும் மாற்றுங்கள். ரெசின் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் திரும்பாது.

கோவை_கியர்:
கேஸ் அடுப்பில் சுட்டால் எண்ணெய் எரிந்துவிடும் என்பார்களே?

எல்_கீ:
சின்டர்டில் சிலர் செய்வார்கள், ஓரளவு பலன் கிடைக்கும். ரெசினில் எண்ணெயோடு சேர்ந்து பிசினும் கருகும், அப்புறம் அது பொடியாக உதிரும். பேட் காசுக்காக இறக்கத்தில் பரிசோதனை வேண்டாம். உப்புத்தாளில் தேய்ப்பது மேலே கண்ணாடி மாதிரி இறுகியிருந்தால் மட்டும் உதவும், உள்ளே ஊறிய எண்ணெய்க்கு உதவாது.

புதுப் பேட் போடும்போது அவசரப்பட்டுப் பிஸ்டனை உள்ளே தள்ளாதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியில் தூசியும் கரியும் ஒட்டியிருக்கும், அப்படியே தள்ளினால் சீலுக்குள் போகும். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக் டயர் லீவரால் மெதுவாகத் தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் கூடாது, சில மாடல்களில் பிஸ்டன் செராமிக், ஓரம் உடைந்தால் கேலிப்பரே போச்சு. பேட் தேய்ந்திருந்தபோது யாராவது மேலே ஆயிலை முழுக்க நிரப்பியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது லீவர் பக்கம் கசியும், அதையும் கவனியுங்கள். மாட்டிய பிறகு கேலிப்பர் போல்ட் இரண்டையும் லேசாகத் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் பெரும்பாலும் நடுவில் உட்கார்ந்துவிடும்.

மழைச்சில்லு:
பெட்-இன் செய்வதை, அதாவது புதுப் பேடை ரோட்டரோடு பழக்குவதை, மறந்துவிடாதீர்கள். புதுப் பேடோடு நேரே மலைக்குப் போகக்கூடாது. சமதரையில் ஓரளவு வேகம் எடுத்து, நடக்கிற வேகத்துக்கு வரும் வரை ஒரே சீராகப் பிடித்து, நிற்காமல் விட்டுவிட்டு, திரும்ப எடுக்க வேண்டும். ஒரு பிரேக்குக்கு இருபது தரம், பிறகு இன்னும் கொஞ்சம் வேகத்தில் ஒரு பத்துத் தரம். சில்லு பூட்டிக்கொண்டு வழுக்கக்கூடாது, முழுக்க நிறுத்தவும் கூடாது. பேடிலிருந்து ஒரு மெல்லிய படலம் ரோட்டரில் சமமாகப் படிய வேண்டும், சூடான ரோட்டரில் நிறுத்தினால் ஒரே இடத்தில் அப்பிவிடும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தில் அதிரும்.

நீலகிரி_இறக்கம்:
இதோடு ஒன்று. இறக்கத்தில் ரோட்டர் சூடாகிவிட்டது என்று பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைந்துவிடும். நிழலில் நிறுத்தி டீ குடியுங்கள், அதற்குள் ஆறிவிடும். விரலால் தொட்டும் பார்க்காதீர்கள்.

சேலம்_ஹார்ட்டெயில்:
சரி, முடிவு பண்ணிவிட்டேன். பி05எஸ் இரண்டு செட், முன்னும் பின்னும் மாற்ற. கூடவே இன்னொரு செட் பைக்குள் போட்டு வைக்க. பின் பிரேக் ப்ளீட் பண்ணக் கொடுத்திருக்கிறேன். ரோட்டர் தடிமன் கடைக்காரர் வெர்னியரில் பார்த்தார், பின்னால் 1.65, முன்னால் 1.75. இந்த ரோட்டரே ஓடும்தானே?

எல்_கீ:
ஓடும். பின்னால் இருப்பதை இந்தப் பேட் முடியும்போது திரும்ப அளந்து பாருங்கள். அப்போது 1.5 பக்கம் வந்திருந்தால் ஆர்டி66-க்கு மாறிக்கொள்ளலாம், மெட்டல் ஆசையையும் அன்றைக்கு யோசிக்கலாம். பையில் போடுகிற பேடைப் பாக்கெட்டோடு ஒரு ஜிப் கவருக்குள் வையுங்கள், செயின் லூப் பாட்டிலோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். காட்டர் பின்னை நிமிர்த்த ஒரு சின்ன பிளையர், கேலிப்பருக்கு 5 மிமீ எல் கீ.

கோவை_கியர்:
நானும் வீட்டில் போய் ரோட்டரைப் பார்த்தேன். ஆர்டி26. பேட் மெட்டல். வெர்னியர் யாரிடம் கிடைக்கும்?

எல்_கீ:
எந்த லேத் பட்டறையிலும் இருக்கும். பேட் உரசுகிற இடத்தின் நடுவில் அளக்கச் சொல்லுங்கள், வெளி விளிம்பில் தேய்மானம் இருக்காது, அங்கே அளந்தால் புதிது மாதிரிதான் காட்டும்.

திண்டுக்கல்_டூப்லெஸ்:
சேலம் ப்ரோ, கொல்லிமலைக்கு இன்னும் ஆள் சேர்க்கிறீர்களா? என்னுடையது டெக்ட்ரோ, பேட் போன மாதம்தான் மாற்றியது, வாட்டர் வாஷ் விட்டதில்லை.

சேலம்_ஹார்ட்டெயில்:
வாருங்கள் ப்ரோ. காலையில் வெயிலுக்கு முன்னால் ஏறிவிட வேண்டும், மற்ற விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.